விட்டுவிட்டேன் என்பவர்கள்

நண்பர் ஒருவர் கவிதை எழுதுவதை நிறுத்திவிட்டார். இது செய்தியே அல்ல. நம்மில் பாதிப்பேர் நிறுத்தியவர்கள். மீதிப் பாதி, நின்றுபோனது தெரியாமல் இன்னும் அச்சேறிக்கொண்டிருப்பவர்கள். இவர் விஷயத்தில் விசேஷம், நிறுத்தியதை அவர் அறிவித்ததுதான். நான்கு நோட்டுப் புத்தகங்களையும் வீட்டுக் கொல்லையில் போட்டு எரித்துவிட்டு, ஒரு சபையில் முழுநேர ஊழியராகச் சேர்ந்து, நம்மில் பதினைந்து பேருக்கு ஒரே வாசகத்தில் கடிதம் எழுதினார். கவிதை இத்தனை நாள் தம் கவனத்தைச் சிதறடித்துக்கொண்டிருந்ததாம். கிறிஸ்துவின் பேரால் பிறருக்குத் தொண்டு செய்ய வேண்டிய மனம் சொற்களில் செலவாகிவிட்டதாம். இப்போது விட்டுவிட்டாராம். கடிதத்தில் 'விட்டுவிட்டேன்' என்ற சொல் ஆறு இடத்தில் வருகிறது. யாருக்குத் தொண்டு செய்யப் போகிறார், அவர்கள் எங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்பது ஓர் இடத்திலும் வரவில்லை.

கடிதத்தைப் பற்றி நம் வட்டத்தில் இரண்டுவிதமாகப் பேசிக்கொண்டார்கள். மதம் ஒரு கவிஞனைத் தின்றுவிட்டது என்றது ஒரு கட்சி. இரங்கல் கூட்டம் ஒன்றுதான் பாக்கி. இன்னொரு கட்சி நெகிழ்ந்துபோனது. நாமெல்லாம் படிமத்தையும் உருவத்தையும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கையில் அவர் மனிதரிடம் போய்விட்டார், அவரே நிஜமான கவிஞர் என்றார்கள். (நெகிழ்ந்தவர்களில் எவரும் தம் நோட்டுப் புத்தகத்தை எரித்ததாகத் தகவல் இல்லை.) எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டு கட்சியும் நம்புவது ஒன்றைத்தான். ஒரு பக்கம் கவிதை, மறு பக்கம் மனிதர். ஒன்றை விட்டால்தான் மற்றது. நண்பரின் கடிதமும் இதே நம்பிக்கையில் எழுதப்பட்டது. இது இலக்கியத்துக்கும் பொய், கிறிஸ்தவத்துக்கும் பொய். இலக்கியத்துக்குப் பொய் என்பதை நாமே சொல்லிக்கொள்வோம். கிறிஸ்தவத்துக்குப் பொய் என்பதைச் சொல்ல இங்கே ஆளில்லாததால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஞானஸ்நானம் பெற்று, ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கி, இருபது வயதில் கோவிலுக்குப் போவதை நிறுத்தியவன் நான். அதாவது, எனக்கும் ஒரு 'விட்டுவிட்டேன்' உண்டு. அதையும் கொஞ்ச நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிரசங்க பீடங்களில் ஒரு பட்டியல் உண்டு. என் தாத்தா காலத்தில் அதில் நாவல் இருந்தது. என் காலத்தில் சினிமா. இப்போது கைப்பேசி. பட்டியலில் உள்ள பொருள் மாறிக்கொண்டே வருகிறது. பட்டியலின் அமைப்பு மாறுவதில்லை. சிதறடிப்பது வெளியே இருக்கும் ஒரு வஸ்து, அதைத் தூக்கி எறிந்துவிட்டால் உள்ளே ஒருமுகப்பட்ட, தொண்டுக்குத் தயாரான மனம் ஒன்று பளபளவென்று இருக்கும் என்பது அதன் அனுமானம். இந்த அனுமானத்துக்கு விவிலியத்தில் என்ன ஆதாரம் என்று தேடிப் போனால் சங்கடம்தான் காத்திருக்கிறது.

லூக்கா சுவிசேஷம், 10ஆம் அதிகாரம். அதில் இரண்டு கதைகள் ஒட்டி ஒட்டி வருகின்றன. முதலாவது நல்ல சமாரியன். அடுத்தது மார்த்தாள், மரியாள் என்ற சகோதரிகளின் வீடு. பிரசங்கிகள் இரண்டையும் வேறு வேறு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிடுவதால், இவை அடுத்தடுத்து நிற்பதன் கூர்மை யாருக்கும் உறைப்பதில்லை.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பாதையில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான். ஆசாரியன் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறான். லேவியனும் அப்படியே. ஏன் போனார்கள் என்று லூக்கா சொல்லவில்லை. தீட்டு என்றும் பயம் என்றும் பிற்பாடு வந்த உரைகாரர்கள் இட்டு நிரப்பிக்கொண்டார்கள். கதைக்குள் நமக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: இவர்கள் கவனம் சிதறாதவர்கள். போகிற காரியத்திலேயே கண்ணாக இருந்தார்கள். வழியில் வந்த குறுக்கீடு அவர்களைக் குலைக்கவில்லை. நம் நண்பரின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்த இருவரும் லட்சிய ஊழியர்கள். சிதறிப்போனவன் சமாரியன். அவனுக்கும் ஒரு பிரயாணம் இருந்தது. அதை நிறுத்தினான், கழுதையிலிருந்து இறங்கினான், எண்ணெயையும் திராட்சரசத்தையும் செலவழித்தான், ஒரு இரவு சத்திரத்தில் தங்கினான், மறுநாள் கையிலிருந்த காசைக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் எதையும் 'விட்டுவிட்டு' வந்தவனல்ல. அவனுடைய வழியில் வந்து விழுந்த குறுக்கீடு என்னவோ, அதுவே அவனுடைய தொண்டாக ஆயிற்று.

இந்தக் கதை முடிந்த கையோடு மார்த்தாள் வருகிறாள். வீட்டுக்கு வந்த இயேசுவை உபசரிக்கிறாள். மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். மார்த்தாளின் நிலையைச் சொல்ல லூக்கா கிரேக்கத்தில் ஒரு வினைச்சொல்லைப் போடுகிறார். நாலா பக்கமும் இழுக்கப்பட்டாள் என்பது அதன் பச்சைப் பொருள். சிதறினாள் என்று சொல்லலாம். தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'வருத்தம்' வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய தமிழில் வருத்தம் என்றால் உடல் உழைத்துக் களைப்பதையும் குறிக்கும் என்பதால் முழுத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் இன்றைய வாசகனுக்கு அது துக்கமாகத்தான் காதில் விழுகிறது, சிதறல் காணாமல் போய்விட்டது. போகட்டும். கேள்வி, மார்த்தாளைச் சிதறடித்தது எது என்பது. நாவல் அல்ல, நகை அல்ல, வேடிக்கை அல்ல. லூக்கா பயன்படுத்தும் சொல் 'தியாகோனியா'. ஊழியம்! தொண்டு செய்வதற்காகச் சிதறல்களை விடு என்று உபதேசிக்கிறவர்களின் சொந்தப் புத்தகத்தில், தெளிவாகப் பெயர் சொல்லிக் காட்டப்பட்ட சிதறல், தொண்டேதான்.

மடாலயத்துக்காரர்கள் இதை எடுத்துக்கொண்டு, தியானம் உயர்ந்தது, வேலை தாழ்ந்தது என்று நூற்றாண்டுக் கணக்கில் பேசினார்கள். அதுவும் மேலோட்டமான வாசிப்பு. 14ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய ஞானி எக்ஹார்ட், இருவரில் முதிர்ந்தவள் மார்த்தாள்தான், மரியாள் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை என்று பிரசங்கித்திருக்கிறார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. மார்த்தாள் வாயைத் திறந்து என்ன சொல்கிறாள் என்பதை மட்டும் பார்க்கிறேன். சமைக்க முடியவில்லை என்றோ, நேரம் போதவில்லை என்றோ அவள் சொல்லவில்லை. தங்கை தன்னைத் தனியே விட்டுவிட்டாள், இதை நீர் கவனிக்கவில்லையா என்கிறாள். கை சட்டியில் இருக்கிறது, கண் தங்கையின் மேல் இருக்கிறது, காது விருந்தாளி தன்னை மெச்சுகிறாரா என்று காத்திருக்கிறது. நாலா பக்கம் என்பது இதுதான். செய்கிறவள் தன்னைச் செய்கிறவளாகப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த கணத்தில் விருந்தாளி காணாமல் போய்விட்டார். பதினைந்து பேருக்கு ஒரே வாசகத்தில் கடிதம் போன கணமும் இதுவே.

'ஊழியம்' என்ற சொல்லை இவ்வளவு சுலபமாகப் புழங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு அதன் இன்னொரு சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும். திருவிதாங்கூர் ராஜ்யத்தில் ஊழியம் என்பது கூலியில்லாத கட்டாய வேலை. கோவிலுக்கும் அரண்மனைக்கும் அதிகாரிகளுக்கும் தாழ்த்தப்பட்ட சாதிக்காரர்கள் சுமக்கவும் வெட்டவும் கட்டவும் போக வேண்டும். சோறு வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவர்களான குடிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு வேண்டும் என்று மிஷனரிகள் மனுப்போட்டு மன்றாடினார்கள். அதே மக்கள், அதே கோவிலுக்குள் போய், தேவனுக்குச் செய்வதையும் ஊழியம் என்றே சொன்னார்கள். தோளில் தழும்பிருந்தவன் சொன்ன சொல் அது. பிடுங்கப்பட்டதை இனி நானாகக் கொடுப்பேன் என்ற வீம்பு அதில் இருந்தது. அடிமைச் சொல்லைப் பறித்துத் தன் சொந்தச் சொல்லாக ஆக்கிக்கொண்ட காரியம், மொழிக்குள் நடந்த பெரிய காரியங்களில் ஒன்று. இன்று அது விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே அச்சாகும் உத்தியோகம். சுமந்தவனுக்கு விட்டுவிட எந்தச் சிதறலும் இருந்ததில்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். விடுவதற்குக் கையில் நாலு நோட்டுப் புத்தகமாவது வேண்டும்.

இப்படியெல்லாம் சொன்னால், அப்படியானால் எதையுமே விட வேண்டியதில்லையா, துறவு என்பதே பம்மாத்தா என்று கேட்பார்கள். இல்லை. விடுவது உண்டு. அது எங்கே வலிக்கும் என்பதில்தான் நண்பருக்குக் குழப்பம். இதற்கு நம் பக்கத்திலேயே, களக்காட்டு மலையடிவாரத்தில் ஒரு சாட்சியம் இருக்கிறது.

டோனாவூர் என்ற பெயர் பிரஷ்யப் பிரபு டோனாவின் நன்கொடையால் வந்தது. அந்த ஊரோடு இன்று சேர்த்துச் சொல்லப்படும் எமி கார்மைக்கேல், அயர்லாந்தில் பிறந்து 1895 கடைசியில் இந்தியாவுக்கு வந்தவர். 1951இல் இறக்கும்வரை ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் தமிழ் கற்றுக்கொண்டு, தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கம் செய்தார். அந்தப் பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றினார்கள். கழுத்திலும் காதிலும் ஒன்றுமில்லாமல் பெண்கள் நடமாடுவது அன்றைய தெற்கத்தி ஊரில் சாமானிய விஷயமல்ல. கிறிஸ்தவர்கள் மத்தியிலேயே பேச்சுக் கிளம்பியது. நம் நண்பரின் பட்டியலில் கச்சிதமாக அடங்கும் துறவு இது. கண்ணுக்குத் தெரிவது, சொல்ல ஒரு கதை உள்ளது.

நிஜமான துறவு அப்புறம்தான் வந்தது. அது துறவு போலவே தோன்றவில்லை. 1901 மார்ச்சில், கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவரிடம் சேர்ந்தாள். அதன்பின் இன்னொரு குழந்தை, பிறகு கைக்குழந்தைகள். வண்டி கட்டிக்கொண்டு புறப்பட முடியவில்லை. பிரசங்கம் செய்ய வந்தவர் பால் காய்ச்சவும் துணி அலசவும் உட்கார்ந்தார். மிஷன் வட்டாரத்தில் இது ஊழியமாகவே கருதப்படவில்லை. ஆத்துமாக்களை ஆதாயம் பண்ண வந்தவர் ஆயா வேலை பார்ப்பதா? இந்தக் கேள்வி வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. பிள்ளைகளை வளர்ப்பதற்காகச் சுவிசேஷ வேலையைக் கைவிடுவது சரிதானா என்று தமக்குள்ளும் கேட்டுக்கொண்டதை அவரே எழுதியிருக்கிறார். எஜமானன் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து அதில் விடை கண்டதாகவும் எழுதியிருக்கிறார்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கார்மைக்கேல் விட்டது ஒரு கெட்ட பழக்கத்தை அல்ல, ஒரு கேளிக்கையை அல்ல. எதற்காகக் கடல் தாண்டி வந்தாரோ, எதைத் தம் அழைப்பு என்று நம்பினாரோ, அதை விட்டார். எதற்காக விட்டார்? அவருடைய வட்டாரத்தின் கண்ணில் சிதறலாகத் தெரிந்த ஒன்றுக்காக. குழந்தை அழுவதுதான் உலகத்திலேயே மிகப் பெரிய கவனச்சிதறல். தாய்மாரைக் கேட்டால் சொல்வார்கள். பிரசங்கம் ஊழியம், குழந்தை குறுக்கீடு என்று இருந்த கணக்கு தலைகீழானது. விடுதலின் வலி அங்கே இருக்கிறது. உபயோகமில்லாததை விடுவது வீட்டைச் சுத்தம் செய்வது. அதற்குச் சிலுவையை இழுக்க வேண்டியதில்லை.

கார்மைக்கேலின் பெயருக்குப் பின்னால் பொன்னம்மாள் நிற்கிறார். இளம் விதவை, அந்த வண்டிக் குழுவில் ஒருவர். கைக்குழந்தைகள் நோயில் செத்துக்கொண்டிருந்தபோது, மருத்துவ மிஷன் இருந்த நெய்யூரில் குழந்தைகளுக்கென்று ஒரு வீடு வைத்து, இரவும் பகலும் அங்கே கிடந்தவர் அவர்தான். 1915இல் இறந்தார். அவரைப் பற்றி நமக்குத் தெரிவது பெரும்பாலும் கார்மைக்கேல் 1918இல் எழுதிய புத்தகத்தின் வழியாகத்தான். ஒரு பாட்டில் பாலை எந்தச் சூட்டில் கொடுப்பது என்பதில் கவனமாக இருந்தவர் சாட்சி மேடையில் ஏறி எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

நான் கார்மைக்கேலைப் புனிதராக்கவில்லை. இந்து மதத்தைப் பற்றி அவருக்கு இருந்த பார்வை குறுகலானது, பல இடங்களில் படிக்கவே கூசும். பிள்ளைகளைக் கடத்துகிறார் என்ற பழியும் நீதிமன்ற வழக்கும் வந்தன. எதிர்ப்பக்கத்தாரின் நியாயத்தைக் கேட்கும் பொறுமை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்களில் உருக்கம் வழிந்தோடும் பக்கங்கள் ஏராளம். அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் 1903இல் வெளியான அவருடைய முதல் முக்கியமான புத்தகத்தின் கதை நம் காரியத்துக்கு உதவும். 'உள்ளது உள்ளபடி' என்று பொருள்படும் தலைப்பு. கையெழுத்துப் பிரதி முதலில் இங்கிலாந்துக்குப் போனபோது, கமிட்டிக்கு அது பிடிக்கவில்லை. மிகவும் சோர்வூட்டுகிறது, கொஞ்சம் உற்சாகமாக மாற்றிக் கொடுங்கள் என்றார்கள். காணிக்கை அனுப்புகிறவர்களுக்கு வெற்றிக் கதை வேண்டியிருந்தது. அவர் மாற்றவில்லை. ஊழியத்துக்கும் எழுத்துக்கும் ஒரே நேர்மைதான் என்று காட்ட எனக்கு வேறு உதாரணம் வேண்டாம். எழுத்தையும் அவர் விடவில்லை. 1931இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டு, ஏறத்தாழ இருபது வருஷம் அறையைவிட்டு அதிகம் வெளியே வராமல் கிடந்தார். அந்தக் கட்டிலில் இருந்துகொண்டு எழுதியவை பல, கவிதைகளும் உண்டு. எழுதுவது சிதறல் என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

நண்பரின் நெருப்புக்கு முன்னுதாரணம் இருக்கிறது என்று வட்டத்தில் ஒருவர் ஹாப்கின்ஸ் பெயரைச் சொன்னார். சொல்லட்டும். ஆனால் பாதிக் கதையோடு நிறுத்தக் கூடாது. 1868 மே மாதத்தில் ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் தம் கவிதைகளை எரித்தார். அந்த வருஷமே இயேசு சபையில் சேர்ந்தார். அதோடு திருப்தியில்லை. 1869இல் ஆறு மாத காலம் கண்களைத் தாழ்த்தியே நடக்கும் தவம் ஒன்றை ஏற்றுக்கொண்டார். மேகத்தையும் மரத்தையும் பார்ப்பதில் அடங்காத பசி உள்ள ஒருவர் தரையைப் பார்த்து நடந்தார். சிதறலை விடுவது இதைவிடத் தூரம் போக முடியாது. ஏழு வருஷம் கவிதை அனேகமாக இல்லை. 1875 டிசம்பரில் தேம்ஸ் முகத்துவாரத்தில் 'டாய்ச்லாந்து' கப்பல் மோதி, ஜெர்மனியின் சட்டங்களால் நாடு விட்டுப் போய்க்கொண்டிருந்த ஐந்து கன்னியாஸ்திரீகள் மூழ்கினார்கள். இதைப் பற்றி யாராவது எழுதினால் நன்றாயிருக்கும் என்று அவருடைய மடத்துத் தலைவர் சொன்ன ஒரு சொல் போதுமானதாக இருந்தது. எழுதினார். சபையின் பத்திரிகையே அதை வெளியிடவில்லை. 1889இல் அவர் இறந்தபோது அவர் கவிஞர் என்று தெரிந்தவர்கள் நம் வட்டத்தைவிடக் குறைவு. நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் காத்துவைத்திருந்து தொகுதி கொண்டுவந்தது 1918இல்.

எனக்கு முக்கியமாகப் படுவது லிவர்பூல். 1880இல் அங்கே ஏழைகள் நிறைந்த பங்கில் குருவாக இருந்தார். அந்த நகரமும் அதன் வறுமையும் தம்மைச் சோர்வடையச் செய்ததைக் கடிதங்களில் அவர் மறைக்கவில்லை. 'பீலிக்ஸ் ராண்டல்' என்ற கவிதை அந்த வருஷத்தது. லாடம் அடிக்கும் தொழிலாளி ஒருவன் நோயில் கிடந்து, பலம் உருகி, இறந்துபோனது பற்றியது. நோயாளியைக் கவனிப்பது கவனிக்கிறவனையும் நோயாளியையும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்களாக்கிவிடுவதை அந்தக் கவிதை சொல்லும் விதத்தில் பிரசங்கம் இல்லை. அவன் உடம்பு இருக்கிறது. அவன் திட்டியது இருக்கிறது. பட்டறையில் முன்பு அவன் நின்ற தோற்றம் இருக்கிறது. மேகத்தைப் பார்த்துப் பழகிய கண்தான் இந்த உடம்பையும் பார்த்தது. அந்தக் கண்ணை நிஜமாகவே அவர் எரித்திருந்தால் பீலிக்ஸுக்கு மந்திரம் சொல்ல ஒரு பாதிரியார் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

இதைத் தத்துவமாகச் சொன்னவர் சிமோன் வெய்ல். 1942இல், கிறிஸ்துவால் பிடிக்கப்பட்டும் திருச்சபைக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, பள்ளிப் படிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு வடிவ கணிதக் கணக்கில், விடை வராவிட்டாலும் பரவாயில்லை, முழுமையாகக் கவனம் செலுத்திப் பழகிய பிள்ளை, அந்தப் பழக்கத்தால் ஜெபத்துக்கும் துன்பப்படுகிறவனைப் பார்ப்பதற்கும் தயாராகிறது என்பது அதன் வாதம். கணக்கு சிதறல் அல்ல, பயிற்சி. கவிதைக்கும் இதைச் சொல்லலாம் என்று நான் நினைக்கிறேன். சொல்லும்போதே, நம் கவிதைகளில் எத்தனைக்கு இதைச் சொல்ல முடியும் என்ற சந்தேகமும் வருகிறது. தன்னையே பார்த்துத் தன்னையே தடவிக்கொண்டிருக்கும் எழுத்து எந்தக் கவனத்துக்கும் பயிற்சி அல்ல. நண்பரின் கவிதைகளில் பெரும்பகுதி அந்த ரகம் என்பது என் பழைய அபிப்பிராயம். எரிந்துவிட்டதால் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மழை பெய்து விட்ட தெருவில் வளையல்காரர் ஒருவர் பெட்டியைத் திறந்து ஈரம் துடைத்துக்கொண்டிருப்பதைப் பற்றி ஒரு சின்னக் கவிதை எழுதியிருந்தார். அதில் 'நான்' இல்லை. எரிந்த நான்கு நோட்டில் அது எதில் இருந்ததோ. தொண்டு செய்யத் தகுதியுள்ள மனிதர் ஒருவர் அந்தக் கவிதைக்குள்தான் இருந்தார்.

சாட்சி சொல்வது என்பது புராட்டஸ்டண்ட் கூட்டங்களில் ஓர் இலக்கிய வடிவம்.  அதற்கு முன்பு–பின்பு என்று இரண்டு பாகம். முன்பு நான் இன்னதில் சிக்கிக் கிடந்தேன், பின்பு விட்டேன். முன்பாகம் நீளமாகவும் ருசியாகவும் இருக்கும். பின்பாகம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். இரண்டு பாகத்திலும் கதாநாயகன் ஒருவனே. பிறர் என்று சொல்லப்படுகிறவர்கள் முதல் பாகத்தில் இல்லை, இரண்டாவதில் கூட்டமாக வருவார்கள், முகமில்லாமல். நாம் இதைக் கேலி செய்வோம். செய்துவிட்டு, நம் கவிதைத் தொகுதிகளின் முன்னுரைகளை எடுத்துப் படித்துப் பார்க்கலாம். வேலையை விட்டேன், குடும்பத்தை விட்டேன், பெரிய பத்திரிகைகளை விட்டேன், இலக்கியத்துக்காக. அதே வடிவம், அதே கதாநாயகன். விட்ட குடும்பம் என்ன ஆயிற்று என்று மட்டும் எந்த முன்னுரையிலும் இருப்பதில்லை. நண்பர் சபையில் போய்க் கற்றுக்கொண்ட வடிவம் அல்ல அது, நம்மிடமிருந்தே கொண்டுபோனது.

இங்கே என்னையும் விட்டுவைக்கக் கூடாது. என் பெரியம்மை கடைசி எட்டு மாதம் எங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறவன். அன்றைக்கு எழுதிக்கொண்டிருந்தது டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' பற்றி. சாகக் கிடக்கும் எஜமானனின் கால்களை இரவெல்லாம் தோளில் தாங்கிக்கொண்டிருக்கும் வேலைக்காரன் கெராசிமைப் பற்றி இரண்டு பாரா நன்றாக அமைந்து வந்தன. பக்கத்து அறையிலிருந்து பெரியம்மை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். 'மக்கா, மக்கா' என்று. சிதறல் என்ற சொல் அப்போது என் மனதில் வந்தது நிஜம். மூன்றாவது பாராவை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். தண்ணீர் கேட்டிருக்கிறார். அதற்குள் வேறு யாரோ கொடுத்துவிட்டார்கள்.

வேறு யாரோ என்பது எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளியிருந்த ஒரு பெண். முந்திரி ஆலையில் பருப்பு உடைக்கப் போய்வந்து, கை விரல் தோல் உரிந்திருக்கும். சாயங்காலம் கோவில் மணி அடிப்பதற்கு முன்னால் வருவாள். பெரியம்மையைத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகில் புண் வந்திருக்கிறதா என்று பார்த்து, தலையை வாரி, சிக்கெடுத்துப் பின்னிவிட்டுப் போவாள். ஜெபம் பண்ணச் சொன்னால், எனக்கு ஜெபிக்கத் தெரியாது அம்மே, கர்த்தருக்குத் தெரியும் என்பாள். வசனம் சொன்னதில்லை. எதையாவது விட்டுவிட்டு வந்தாளா என்றால், இல்லை. வீட்டில் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்திருப்பாள், அது பொங்கிவிடுமே என்று நடுவில் ஓடுவாள், திரும்பி வருவாள். எட்டு மாதத்தில் அவள் கவனம் எத்தனை தடவை சிதறியது என்று எண்ணியிருந்தால் ஒரு பெரிய தொகை வரும். எங்கள் கோவில் ஆண்டறிக்கையில் ஊழியர்கள் என்ற தலைப்பின்கீழ் பதினோரு பெயர்கள் இருந்தன. அவள் பெயர் காணிக்கைப் பட்டியலில், ஐந்து ரூபாய்க்கு எதிரே இருந்தது.

நண்பரைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அவருக்குள் ஏதோ நடந்திருக்கிறது; நடந்ததற்கு அவர் தேடிக்கொண்ட சொல்தான் மட்டமானது. மருத்துவமனை வார்டுகளுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அங்கே ஒரு கட்டிலைப் பற்றி, அதில் கிடக்கிற ஒருவரைப் பற்றி, அவர் என்ன கேட்டார், இவரால் எதைக் கொடுக்க முடிந்தது, எதைக் கொடுக்க முடியவில்லை என்பது பற்றி அவரால் எழுத முடியும் என்று வளையல்காரர் கவிதையை வைத்து நம்புகிறேன். கவிதையாக வேண்டாம், கடிதமாகவே இருக்கட்டும். இந்த இதழ் ஒன்று அவருக்கு அனுப்பப்படுகிறது. பதில் எழுதுவதென்றால் பதினைந்து பேருக்கும் வேண்டாம், யாராவது ஒருவருக்கு எழுதட்டும்.